மார்கழியில் விழித்திருக்கும் வண்டு

வண்டு என்று எழுதிய மாத்திரத்தில் தமிழ் வாசகர்களுக்கு ரீங்காரம் கேட்க ஆரம்பித்துவிடும். தாமரை, மகரந்தம், தலைவியின் கூந்தல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நம்முடைய கவிகள் வண்டைப் பூவை விட்டுக் கீழே இறங்க விட்டதே இல்லை. அவர்கள் பாடிய வண்டில் பாதிக்கு மேல் தேனீயாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். நான் இங்கே சொல்லப்போகிற வண்டுக்கும் பூவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சுமார் 5 மில்லிமீட்டர் நீளம். மக்கிப்போன இலைகளுக்கு அடியில் வாசம். ஊர் உலகமெல்லாம் குளிருக்குப் பயந்து சுருண்டு கிடக்கிற மாதங்களில்தான் அது எழுந்து நடமாடும். அதைத் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்தில் சர்ரே ஜில்லாவிலுள்ள ஒரு சின்னக் காட்டில் கிடைத்தது.

இதன் உறவுக்காரர் ஒருவரை நீங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். ஐப்பசி அடைமழையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறதல்லவா, அந்தக் கூட்டத்தில் ஒரு மெல்லிய பூச்சி வரும். எறும்பைப் போல் ஒடிசலான உடம்பு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று கையால் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. மறுநாள் சாட்டையால் இழுத்தாற்போல் ஒரு கோடு சிவந்து, கொப்புளித்து, எரியும். பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்பார்கள். பாவம், அது பெய்யவும் இல்லை, கடிக்கவும் இல்லை. நசுக்கினால் அதன் உடம்பிலிருந்து வெளிப்படும் பெடரின் என்ற விஷத்தின் வேலை அது. இதில் இன்னும் ஒரு வேடிக்கை, அந்த விஷத்தைத் தயாரிப்பது பூச்சியல்ல, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. பீடரஸ் என்று பெயர் கொண்ட இந்தப் பூச்சி, நெல் வயலில் புகையானைப் பிடித்துத் தின்று விவசாயிக்கு உபகாரமும் செய்து வருகிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கொப்புளம் ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ரோவ் வண்டு என்று பெயர். ஜெர்மன்காரர்கள் 'குட்டைச் சிறகன்' என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மற்ற வண்டுகளுக்கு மேல்சிறகு முதுகு முழுவதையும் பெட்டி போல் மூடியிருக்கும். இவற்றுக்கோ, போன வருஷத்துத் தீபாவளிச் சட்டையை இந்த வருஷம் போட்டுக்கொண்ட பையனைப் போல, இடுப்புக்கு மேலேயே சிறகு நின்றுபோய் வயிறு முழுவதும் வெளியே தெரியும். அந்தக் குட்டைச் சட்டைக்குள்ளே நீளமான பறக்கும் சிறகுகள் இரண்டு மடிந்து கிடக்கின்றன. பதினெட்டு முழப் புடவையைத் தீப்பெட்டிக்குள் மடித்து வைத்த சாமர்த்தியம்! இடச்சிறகு ஒரு விதமாகவும் வலச்சிறகு வேறு விதமாகவும் மடிகின்றன என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் வேகமான காமிராவைக் கொண்டு படமெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். மடிப்பதற்கு வயிற்றையே கையாக உபயோகித்துக்கொள்கிறதாம். இது வரையில் பெயர் வைக்கப்பட்ட குட்டைச் சிறகு ஜாதிகள் உலகத்தில் 60,000-க்கு மேல். பிரிட்டனில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அந்தக் குளிர் தேசத்தில் இத்தனையா என்று நான் வாயைப் பிளந்தபோது, "எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறோம்" என்றார் சிக்னல்காரர்.

சிக்னல்காரர் யார் என்று சொல்ல வேண்டும். என் பெண் குடியிருக்கும் தெருவின் கோடி வீட்டுக்காரர். ரெயில்வேயில் சிக்னல் இழுக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயசு. பெயரைப் போட்டால் வெட்கப்படுவார். ஆகையால் உத்தியோகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மனைவி இருந்த நாளில் இருவருமாகக் கோடையில் பட்டாம்பூச்சி பார்க்கப் போவார்களாம். குளிர்காலத்து வண்டு, அவர் தனியான பிறகு ஏற்பட்ட பழக்கம். இதை அவர் ஒரு தரம்தான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

"இந்தக் குளிரில் வெளியே போகாதீங்க அப்பா" என்று என் பெண் தடுத்துப் பார்த்தாள். டிசம்பர் 11-ஆம் தேதி இரவு லண்டனைச் சுற்றி நல்ல பனி விழுந்திருந்தது. ரெயில் ஓடவில்லை, பள்ளிக்கூடங்கள் பல திறக்கவில்லை. அதற்கு இரண்டாம் நாள் காலையில் சிக்னல்காரர் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் சாக்கு, இன்னொரு கையில் சல்லடை. நம் ஊரில் நெல் புடைக்கப் போகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். நான் மருமகனுடைய கம்பளிக் கோட்டு ஒன்றையும், அதன்மேல் என்னுடைய கோட்டையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

காடு என்றால் பெரிய காடல்ல. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் நாலைந்து ஏக்கர். ஓக் மரங்கள், அவற்றின் கீழே ஹேசல் புதர்கள். ஒரு மரத்தடியில் பனியை ஒதுக்கிவிட்டு அவர் இரண்டு உஷ்ணமானிகளை வைத்தார். வெளியே வைத்தது பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரியைக் காட்டியது. இலைக் குவியலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் செருகியது பூஜ்யத்துக்கு மேலே 2 டிகிரி. "கோட்டுக்கு மேல் கோட்டு நீங்கள் மட்டும்தான் போடுவீர்கள் என்று நினைக்காதீர்கள், மரமும் போடும்" என்றார். மேலே உள்ள இலைகள் மொடமொடவென்று உறைந்து கிடந்தன. அவற்றைத் தள்ளினால் கீழே ஈரமாக, பழுப்பாக, காளான் வாசனையோடு இன்னொரு அடுக்கு. அதற்கும் கீழே இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாத கறுப்பு. இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவில் உறையாத ஒரு லோகம் இருக்கிறது. அந்த வண்டின் விலாசம் அதுதான்.

இலையை இரு கையாலும் அள்ளிச் சல்லடையில் போட்டுக் குலுக்குவார். கீழே விழுகிற தூளை வெள்ளைத் துணியில் பரப்பிக்கொண்டு அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்திருப்பார். முதலில் ஒன்றும் தெரியாது. தேயிலைத் தூளைக் கொட்டினாற்போல் இருக்கும். ஐந்து நிமிஷம் பொறுத்தால் தூளில் ஒரு துளி அசையும். பிறகு இன்னொன்று. ஸ்பிரிங் வைத்தாற்போல் குதிக்கும் நுண்ணிய பூச்சிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவைதான் அந்த லோகத்தின் ஜனத்தொகை. அவற்றுக்கு நடுவே, மிளகாய் விதையை நீட்டிச் செம்பழுப்புச் சாயம் பூசினாற்போல் ஒன்று, நிதானமாக, ஆபீசுக்கு நேரமாகிவிட்டாலும் ஓடக்கூடாது என்ற கௌரவத்தோடு நடந்து போயிற்று. சிக்னல்காரர் வாயில் ஒரு ரப்பர் குழாயை வைத்து உறிஞ்சினார். குழாயின் மறுமுனையிலுள்ள புட்டிக்குள் வண்டு போய் விழுந்தது. நடுவில் வலைத்துணி கட்டியிருப்பதால் அவர் வாய்க்குள் போகவில்லை. நான் அதைத்தான் முதலில் விசாரித்தேன்.

அதற்குப் பெயர் அசிடோட்டா குருவென்டாட்டா. பின்பாதிக்கு லத்தீனில் ரத்தக்கறை படிந்தது என்று அர்த்தம். அந்தச் சாதுவைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வைத்தவர் பின்லாந்துக்காரரான மானர்ஹைம் பிரபு, 1830-இல் வைத்தார். நீதிபதி உத்தியோகம் பார்த்துக்கொண்டே வண்டு ஆராய்ச்சியும் செய்த மனுஷர். 1939-ஆம் வருஷத்துக் கடைசியில் ருஷ்யா பின்லாந்தின் மேல் படையெடுத்தபோது, பனிக்காட்டிலே நின்று எதிர்த்த பின்லாந்துச் சேனைக்குத் தளபதியாக இருந்த மார்ஷல் மானர்ஹைம் இவருடைய பேரன். அந்த யுத்தத்துக்குச் சரித்திரத்தில் குளிர்கால யுத்தம் என்றே பெயர். தாத்தா குளிர்கால வண்டுக்குப் பெயர் வைத்தார், பேரன் குளிர்கால யுத்தம் நடத்தினார். நாவலில் எழுதினால் ஆசிரியர் வலிந்து இழுக்கிறார் என்று விமரிசகர்கள் அடிப்பார்கள்.

குளிரில் எதற்காக விழித்திருக்க வேண்டும்? நான் கேட்டேன். சிக்னல்காரர் உத்தியோக பாஷையில் பதில் சொன்னார்: "ராத்திரி இரண்டு மணிக்குத் தண்டவாளம் காலி. சரக்கு வண்டி தன் இஷ்டம்போல் போகலாம்." கோடையில் அந்த இலைக் குவியலுக்குள் எறும்புப் படை, பெரிய வேட்டை வண்டுகள், சிலந்திகள் என்று கால் வைக்க இடமிருக்காது. நவம்பர் வந்ததும் எறும்பு புற்றுக்குள் முடங்கிவிடுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் தூங்கப் போய்விடுகிறார்கள். குதிக்கும் நுண்பூச்சிகளோ குளிரிலும் குறைவதில்லை. சாப்பாடு உண்டு, போட்டி குறைவு, தன்னைச் சாப்பிட வருகிறவர்களும் குறைவு. குளிரைத் தாங்கத் தெரிந்தவனுக்கு அதைவிட நல்ல பருவம் எது? அந்தக் காட்டிலேயே குளிர்கால அந்து என்று ஒன்றும் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் இரவுகளில் ஆண் மட்டும் பறக்கும். பெண்ணுக்குச் சிறகு பேருக்குத்தான்; மரத்தின்மேல் நடந்தே ஏறிப் போய் முட்டை வைக்கும். இவர்களெல்லாம் குளிரில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அல்லர். குளிரைத் தங்கள் பங்காக எடுத்துக்கொண்டவர்கள். நம்முடைய வண்டை அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் தேடினால் அகப்படும். கோடையில் அதே இலைக் குவியலைப் பத்துத் தடவை சலித்தாலும் கண்ணில் படுவது துர்லபம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, டாக்டர் நார்மன் ஜாய் 1932-இல் எழுதிய பிரிட்டிஷ் வண்டுகளைப் பற்றிய கைப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மேல்சிறகில் புள்ளி வரிசையா தாறுமாறா, தலை அகலமா குறுகலா என்று ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். சில ஜாதிகளில் ஆணின் அந்தரங்கத்தைச் சோதித்தாலொழிய இன்னார் என்று நிச்சயம் சொல்ல முடியாதாம். "இதைத் தபால்காரர் வரும்போது செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். டாக்டர் ஜாய் வைத்தியம் பார்த்துக்கொண்டே வண்டு பிடித்தவர். பாதிரிமார், வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று அந்த தேசத்தில் இதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் படித்த நாளில் பாடத்தை விட வண்டில்தான் அதிக சிரத்தையாக இருந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டு இருக்கும்போது மூன்றாவதைக் கண்டு, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்ட கதை பிரசித்தம். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சுயசரிதையில் சொல்லும் இன்னொரு விஷயம்: குளிர்காலத்தில் கூலியாள் ஒருவனை அமர்த்தி, கிழட்டு மரங்களின் பாசியைச் சுரண்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு வரச் செய்வாராம், அதிலிருந்து அபூர்வமான வண்டுகள் கிடைத்தனவாம். அந்தக் கூலியாளின் பெயரை அவர் எழுதவில்லை. ஜனவரியில், கேம்பிரிட்ஜ் குளிரில், விறைத்த விரலால் பாசியைச் சுரண்டியவன் அவன்தானே!

இனி வரைபடத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரைக்கு என்னை உட்கார வைத்ததே அதுதான். பிரிட்டனின் படத்தைப் பத்துக் கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் எங்கேயாவது ஒரே ஒரு வண்டு ஒரே ஒரு தடவை அகப்பட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இத்தகைய பதிவுகளைச் சேர்ப்பதற்கு 1964-இல் ஒரு மத்திய நிலையமே ஏற்படுத்தினார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 1852-இல், வாட்சன் என்ற தாவர சாஸ்திரி தேசத்தை 112 பகுதிகளாகப் பிரித்து வைத்தார். ஜில்லா எல்லைகளைச் சர்க்கார் எத்தனை தடவை மாற்றினாலும், செடிக்காரர்களும் பூச்சிக்காரர்களும் அந்தப் பழைய எல்லைகளை விடவே இல்லை. நம்முடைய வண்டு ஐரோப்பாவின் பெரும் பகுதியில் இருக்கிறது. இங்கிலாந்திலும் பரவலாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் வெள்ளை வெளேரென்ற இடம்.

"அந்த வெள்ளையில் வண்டு கிடையாதா?" என்றேன்.

சிக்னல்காரர் ஒரு புள்ளியைத் தொட்டு, "இங்கே ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார்" என்றார். இன்னொன்றைத் தொட்டு, "இது ஒரு சர்வகலாசாலை." மூன்றாவதைத் தொட்டு, "இது நான்." வெள்ளையைக் காட்டி, "இங்கே ஜனவரியில் யாரும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை" என்றார்.

எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. மால்கம் காமரன் என்ற கப்பற்படை வைத்தியர், இந்தியாவின் குட்டைச் சிறகு வண்டுகளைப் பற்றி 1930 தொடங்கி 1939 வரை கனமான தொகுதிகளாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீலகிரி வண்டுகளும் அவற்றில் இருக்கின்றன. ஊட்டியில் புல் மேல் உறைபனி படியும் மார்கழிக் காலையில் நம்மவர்கள் அதைப் புகைப்படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். சோலைக் காட்டுக்குள் புகுந்து இலையைப் புரட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நினைக்கிறேன்.

சர்ரேயிலுள்ள அந்தச் சின்னக் காட்டுக்கு அப்போதே ஆபத்து வந்திருந்தது. மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான ஒரு ஸ்தாபனத்தார், காட்டில் பாதியை வெட்டி மோட்டார் கார் நிறுத்துமிடம் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். சட்டப்படி நிபுணர்களைக் கொண்டு ஜீவராசிகளைக் கணக்கெடுத்து அறிக்கையும் கொடுத்திருந்தார்கள். அறிக்கை அழகாக இருந்தது. வர்ணப் படங்கள் எல்லாம் உண்டு. கணக்கெடுக்க வந்த நாட்கள் ஜூன் மாதத்தில் இரண்டு. இலைப் படுகையில் வசிக்கும் பூச்சிகளில் குறிப்பிடத்தக்கவை இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஜூன் மாதத்தில் பார்த்தால் இல்லைதான்! பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, இந்தத் தெருவில் கூர்க்காவே கிடையாது என்று எழுதினாற்போல் இருந்தது எனக்கு.

2023 பிப்ரவரியில் நகர சபைக் கூட்டம் நடந்தது. பொதுஜனங்களில் பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். சிக்னல்காரர் கோட்டும் டையும் அணிந்து, குளிர்காலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நிமிஷத்தில் பத்து விநாடி மிச்சம் வைத்துப் பேசி முடித்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேலே மேடையில் இருந்த அங்கத்தினர் ஒருவர், மரியாதையாகவே, ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வண்டு வேறு எங்காவது இருக்கிறதா?"

இவ்வளவுதான் கேள்வி. நானாக இருந்தால், கதை எழுதுகிறவன் அல்லவா, அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். வெள்ளைக் கட்டங்களைக் காட்டியிருப்பேன். பொய் சொல்ல வேண்டாம். சொல்லாமல் விடவேண்டியதை விட்டாலே போதும். சிக்னல்காரர் ஒரு கணம் பட்டியலைப் பார்த்தார். "இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும் பகுதியில் இருக்கிறது" என்றார். சட்டம் அதற்குப் பாதுகாப்பு எதுவும் தரவில்லை என்பதையும், கேட்காமலே சேர்த்துச் சொன்னார். அங்கத்தினர் வந்தனம் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

திரும்பி வரும்போது தெருவிளக்கடியில் நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவர் கேட்டது அதுதானே?"

"யாரும் சரியாகத் தேடவில்லை என்று சொல்லியிருக்கலாமே!"

"அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கேட்கவில்லை" என்றார். சிறிது தூரம் நடந்த பிறகு, "நாற்பது வருஷம் சிக்னல் இழுத்தவன். லைன் காலியாக இல்லாதபோது காலி என்று கையைக் காட்டிப் பழக்கமில்லை" என்றார்.

நான் மார்ச் மாதம் ஊர் திரும்பினேன். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று கோடையில் எழுதினார். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் மரங்களை வெட்டினார்கள். பிறகு யந்திரம் வந்து மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குச் சுரண்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. மீதிப் பாதிக் காடு நிற்கிறது. அதற்குள் உதிர்ந்த இலைகளையும், நிறுத்தியிருக்கும் கார்களின் மேல் காற்றில் வந்து விழுகின்றன என்று, வாராவாரம் ஊதித் தள்ளி மூட்டை கட்டிவிடுகிறார்களாம்.

படத்தில் அவருடைய கறுப்புப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. 2022-இல் அகப்பட்டது, அகப்பட்டதுதான். அதை யாரும் அழிக்க மாட்டார்கள். ரொம்ப வருஷம் வரையில் மறுபடி அகப்படாவிட்டால், பழைய பதிவு என்பதற்கு அடையாளமாக அடுத்த அட்லாஸில் கறுப்புப் புள்ளிக்குப் பதிலாக வெறும் வட்டம் போடுவது அங்கே வழக்கம். அதே கட்டத்துக்குள், மூன்று மைல் தள்ளி, இன்னொரு ஓக் காடு இருக்கிறதாம். இருபது ஜாடிகளை அங்கே மண்ணில் புதைத்துவிட்டு, வாரம் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். 2024 ஜனவரிக் கடிதத்தில், இதுவரை ஒன்றும் விழவில்லை, ஏப்ரல் வரைக்கும் நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.